மூன்றாவது இரவில் தோற்றுப்போகிறேன்

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் விளையாட்டாகத் தொடங்கிய கஞ்சா எட்டு வருடமாக ஓடுகிறது. முதலில் வாரம் ஒருமுறை. கடந்த மூன்று வருடமாகத் தினமும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு மேல், சிகரெட் தூளோடு பாதிக்குப் பாதி கலந்து இரண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே தொடங்கிவிடும். சனிக்கிழமை வாங்கும் சம்பளத்தில் கால்வாசி பொட்டலத்துக்கே போகிறது. குடிப்பழக்கம் இல்லை.

இந்த வருடம் மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன். மூன்று முறையும் மூன்றாவது இரவில் தோற்றுப்போனேன். தூக்கம் வராது, சோறு இறங்காது. போன மாதம் அம்மா பரிமாறிய தட்டை வீசி எறிந்துவிட்டேன். "இது மூலிகை, இதற்கு யாரும் அடிமையாக மாட்டார்கள், உனக்குத்தான் மனவுறுதி இல்லை" என்கிறான் கூடப் புகைக்கும் நண்பன். இரண்டு முறை இரவில் வண்டியில் வரும்போது யாரோ பின்தொடர்வதுபோல் தோன்றி, வேறு தெரு சுற்றி வந்தேன். என் பெரியப்பா மனநிலை சரியில்லாமல் வீட்டைவிட்டுப் போனவர். அதுவும் உறுத்துகிறது.

தை மாதம் திருமணம். அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ஊருக்கு வெளியே ஒரு மையம் இருக்கிறது, சொன்னால் வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போவார்கள், மூன்று மாதத்தில் சரியாகிவிடும்" என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு உண்மையிலேயே டாக்டர் தேவையா? போனால் போலீசுக்குச் சொல்வார்களா? என்ன செய்வார்கள்? பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா? வரும் செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்து எங்காவது போகலாம் என்று நினைக்கிறேன்.

பெயர் வேண்டாம், திருப்பூர்.

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, மூன்றாவது இரவில் தோற்றுப்போனதைப் பற்றியது. நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். நான் அதை நோய்க்குறிப்பாக வாசித்தேன். தினமும் கஞ்சா புகைத்தவர் நிறுத்தினால் முதல் நாள் பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உடம்பு கணக்குக் கேட்க ஆரம்பிக்கும். எரிச்சல், படபடப்பு, பசியின்மை, வியர்வை, தலைவலி, விடியும்வரை புரண்டு படுப்பது, அப்படியே கண்ணயர்ந்தாலும் விசித்திரமான கனவுகள். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். தூக்கக் குறைவும் கனவுகளும் மட்டும் ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும்.

வெள்ளியங்கிரி ஏறியிருப்பீர்கள். மூன்றாவது மலையில் உட்கார்ந்து மூச்சு வாங்கித் திரும்பி வந்தவனைப் பார்த்து, உனக்கு மனவுறுதி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. தண்ணீர் எடுத்துப் போனாயா, மூங்கில் தடி வைத்திருந்தாயா, யாரோடு போனாய் என்றுதான் கேட்பார்கள். நீங்கள் மூன்று முறையும் தடியில்லாமல், தனியாக, செங்குத்தான இடத்திலிருந்து திரும்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு டாக்டர் தேவையா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: தேவை. மூன்றாவது இரவைத் தாண்ட வைப்பதற்கும், அதைவிட முக்கியமாக மூன்றாவது மாதத்தைத் தாண்ட வைப்பதற்கும்.

உங்கள் நண்பரை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நான் படித்த காலத்தில், கஞ்சாவை நிறுத்தினால் உடம்பு பெரிதாக ஒன்றும் செய்யாது என்றுதான் வகுப்பறையில் சொன்னார்கள். கஞ்சாவை நிறுத்தும்போது வரும் இந்தத் தொல்லைகளை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு தனி நோய்நிலையாகச் சேர்த்ததே 2013-இல்தான். ஆனால் "மூலிகை" என்ற வாதத்துக்கு மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. அரளியும் செடிதான். எருக்கும் செடிதான்.

உள்ளே நடப்பது இதுதான். நம் மூளையே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைச் சிறிய அளவில் சுரக்கிறது. ஜெருசலேமில் ராபேல் மெக்கூலமின் ஆய்வுக்கூடத்தில் 1992-இல் அதைக் கண்டுபிடித்தபோது, நமக்குப் பழக்கமான "ஆனந்தம்" என்ற சொல்லை வைத்தே "ஆனந்தமைடு" என்று பெயர் சூட்டினார்கள். பசி, தூக்கம், பதற்றம் எல்லாவற்றையும் மெல்லச் சரிக்கட்டிக்கொண்டிருக்கும் பொருள் அது. வெளியிலிருந்து தினமும் அதே வேலையைச் செய்ய மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்து இறங்கினால், மூளை அந்தச் சரக்கை வாங்கும் வாசல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். அதனால்தான் வாரம் ஒன்று போதுமாக இருந்தது, தினமும் இரண்டாகியிருக்கிறது. திடீரென்று வெளிச்சரக்கு நின்றால், சொந்தச் சுரப்பு இருக்கிறது, வாங்க வாசல் இல்லை. நீங்கள் தட்டை வீசிய இரவு அதுதான். மூடிய வாசல்கள் இரண்டு நாளிலேயே திறக்கத் தொடங்கி, ஏறத்தாழ நான்கு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுவதை மூளை ஸ்கேன் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எட்டு வருடப் பழக்கத்துக்கு நான்கு வாரம் என்பது மோசமான பேரம் இல்லை.

நண்பர் நினைத்த நேரத்தில் நிறுத்துகிறார், உங்களால் முடியவில்லை என்றால் அதிலும் அதிசயமில்லை. எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கும் சேர்த்து ஓராண்டில் கஞ்சாச் செடியின் போதையைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடிப் பேர். சிகிச்சை உதவி தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 72 லட்சம். அவர் பெரிய கூட்டத்திலும் நீங்கள் சிறிய கூட்டத்திலும் இருக்கலாம். பள்ளி, கல்லூரி வயதிலேயே தொடங்கியவர்களுக்கும் தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கும் சிறிய கூட்டத்தில் போய் நிற்கும் வாய்ப்பு அதிகம். அளவு கூடியது, நிறுத்த முடியாமல் போனது, ஞாயிறு காலைக்கு நகர்ந்தது, சம்பளத்தில் கால்வாசி, அம்மாவோடு சண்டை. நான் கேட்க வேண்டிய கேள்விகளுக்கெல்லாம் கேட்காமலே பதில் எழுதிவிட்டீர்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே கவனிக்காமல் எழுதியிருக்கிறீர்கள்: "சிகரெட் தூளோடு பாதிக்குப் பாதி". அப்படியானால் நீங்கள் நிறுத்த முயன்றது ஒரு போதையை அல்ல, இரண்டை. புகையிலையின் நிக்கோட்டினும் அதே மூன்று நாளில்தான் உங்களைப் பிடித்து உலுக்கும். இதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். நிக்கோட்டின் மெல்லும் பசை, ஒட்டுப்பட்டை என்று அதற்குத் தனியாகவே மருந்து இருக்கிறது. கஞ்சாவை விட்டுவிட்டு சிகரெட்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். சிகரெட் தூளை உள்ளங்கையில் உதிர்க்கும்போதே மற்றதையும் கை தேடும் என்பது அவர்களுக்கு இரண்டாவது வாரத்தில் தெரியவரும்.

அடுத்தது, யாரோ பின்தொடர்வதுபோல் தோன்றியது. நீங்கள் பயந்ததில் தவறில்லை. புகைத்த நேரத்தில் சந்தேகம் தோன்றி, சில மணி நேரத்தில் கலைந்துபோவது பலருக்கு நடப்பதுதான். ஆனால் தினசரிப் பழக்கமும் குடும்பத்தில் மனநோய் வரலாறும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது நான் அதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் பெரியப்பாவுக்கு இருந்தது என்ன நோய் என்று தெரியவில்லை. மனச்சிதைவாக இருந்திருந்தால், கஞ்சா அதே நோயை உங்களிடமும் கிளப்பிவிடும் ஆபத்து மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். உங்கள் விஷயத்தில் "குறைத்துக்கொள்கிறேன், வாரம் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்ற ஏற்பாட்டுக்கு நான் உடன்படாததற்கு இதுவே காரணம். புகைக்காத நாளிலும் அந்த எண்ணம் வந்தாலோ, ஆளில்லாமல் குரல் கேட்டாலோ, செத்துப்போகலாம் என்று தோன்றினாலோ காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரவு என்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இனி, போனால் என்ன செய்வார்கள் என்பது. உங்கள் ஊரிலேயே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால், பஸ் ஏறினால் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டிலும் தனியாகப் போதைப் பிரிவைத் தேடி அலைய வேண்டியதில்லை, மனநலத் துறையின் புறநோயாளிப் பிரிவே போதும். 2025-இல் தமிழ்நாடு அரசு "கலங்கரை" என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. தேவைப்பட்டால் அங்கே அனுப்புவார்கள். நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும் என்று நாள் பார்க்காதீர்கள். அப்படி நாள் பார்த்தவர்களில் பாதிப் பேர் வந்து சேருவதே இல்லை.

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். எப்போது தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது, வேறு என்னென்ன. வேறு என்னென்ன என்ற கேள்வியில் வலி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் அடங்கும்; ஒரு தடவைதானே என்று மறைக்க வேண்டாம். தூக்கம், பசி, மனநிலை, சந்தேகம், குடும்பத்தில் யாருக்காவது நோய் என்று கேட்பார்கள். உடம்பைப் பரிசோதிப்பார்கள். மூளை ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. முதல் நாளே பெரிய பரிசோதனைப் பட்டியலை நீட்டுகிற இடம் என்றால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மருந்து பற்றிப் பெரிய எதிர்பார்ப்போடு வருகிறார்கள், அதனால் உடைத்தே சொல்லிவிடுகிறேன். கஞ்சா ஆசையை அறுக்கும் மாத்திரை என்று ஒப்புதல் பெற்ற எதுவும் இன்றுவரை இல்லை. இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறவர் உங்கள் சனிக்கிழமைச் சம்பளத்தில் மீதி முக்கால்வாசியைக் குறிவைக்கிறார். மருந்துக்கு வேலையே இல்லை என்று பொருளல்ல. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சில நாட்கள், சில வாரங்கள் கொடுப்போம். அடியில் மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்து, அதை அடக்கத்தான் புகைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று தெரிந்தால் அதற்கு முறையான சிகிச்சை உண்டு. மூன்றாவது இரவுக்கு உங்களுக்கு வேண்டிய மூங்கில் தடி இது. ஆனால் மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கஞ்சாவிலிருந்து மீண்டு தூக்க மாத்திரையில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பது எனக்குக் கஞ்சாவைவிடக் கடினமான வேலையாக இருந்திருக்கிறது.

அந்த முதல் வாரத்தில் வேலையிலும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தூங்காத கண்ணோடு கட்டிங் மெஷின் பிளேடுக்கு முன்னால் நிற்க வேண்டாம். விடுப்பு கிடைக்காவிட்டால், உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒரு வாரம் துணி விரிக்கும் பக்கமோ கணக்குப் பக்கமோ மாறிக்கொள்ளுங்கள். விரலை இழந்த கட்டிங் மாஸ்டர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சிகிச்சையின் முதுகெலும்பு பேச்சு சிகிச்சைதான். வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், சுமார் மூன்று மாதம். அறிவுரை கேட்கத்தான் போகிறோம் என்று நினைத்து வருவார்கள். நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பில் அறிவுரையே சொல்ல மாட்டார். கஞ்சா உங்களுக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்பார். நேர்மையாகச் சொல்லுங்கள். எட்டரை மணிக்கு மேல் மெஷின் சத்தம் காதிலிருந்து இறங்க வேறு வழி தெரியவில்லை என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். நண்பர்களோடு உட்கார வேறு சாக்கு இல்லை என்று சிலர். பதில் என்னவோ, சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும். ஏனென்றால் நீங்கள் நிறுத்த வேண்டியது ஒரு பொருளை; நிரப்ப வேண்டியது எட்டரை மணியிலிருந்து பத்தரை மணிவரை உள்ள இரண்டு மணி நேரத்தை. அந்த நேரம் காலியாகக் கிடந்தால் எந்த மருந்தாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

பிறகு சின்னச் சின்ன வேலைகள். கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பொட்டலம் கிடைக்கும் திருப்பம் எது, அதைத் தவிர்க்க எந்தச் சாலை. விற்பவர் எண்ணைக் கைபேசியிலிருந்து அழிப்பது; மனப்பாடமாக இருந்தால் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வராமல் தடுப்பது. சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வராமல் நேராக வங்கிக் கணக்குக்குப் போக வைப்பது. என்னிடம் வந்த ஒரு லாரி ஓட்டுநர் தன் கூலியை மனைவி கணக்குக்கு மாற்றிவிட்டு, டீச் செலவுக்கு மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அவமானமாக இல்லையா என்று கேட்டேன். "முதல் வாரம் இருந்தது டாக்டர், இரண்டாவது வாரம் நிம்மதியாக இருந்தது" என்றார். ஆசை அலைபோல எழும்பும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே வடியும். அந்த அரை மணியை எப்படிக் கடத்துவது என்பதை எழுதி ஒத்திகை பார்ப்பார்கள். கேட்கும்போது சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனாலும் செய்யுங்கள். அந்த நண்பரை முதல் மூன்று மாதம் பார்க்காமல் இருப்பதும் இந்தப் பட்டியலில்தான் வரும், அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

இப்போது மாமா சொன்ன மையம். உங்களுக்கு உள்நோயாளியாகச் சேர வேண்டிய தேவை இப்போதைக்கு எனக்குத் தெரியவில்லை. மனநோய் அறிகுறி தொடர்ந்தாலோ, தற்கொலை எண்ணம் இருந்தாலோ, மது அல்லது வேறு மாத்திரைகளும் சேர்ந்திருந்தாலோ, புறநோயாளியாகப் பலமுறை முயன்றும் முடியாமல் போனாலோ சேர்ப்போம். அதுவும் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான். நீங்கள் சொந்தக் காலில் நடந்து வரத் தயாராக இருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரை எதற்காக நான்கு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

2017-ஆம் ஆண்டு மனநல பாதுகாப்புச் சட்டம், மதுவும் போதைப்பொருளும் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. எனவே உங்களுக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. வயது வந்த ஒருவரை அவர் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமானால், அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சட்டப்படி அவருக்காகப் பேசும் உரிமையுள்ளவர், விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ, தனித்தனியாக அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னையே கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்ற கடுமையான சூழலில் மட்டும், முதலில் 30 நாள் வரைதான். ஃபோன் செய்தவுடன் வண்டி அனுப்பி, மருத்துவர் முகத்தையே பார்க்காதவரை மூன்று மாதம் பூட்டி வைப்பது இதில் எங்கும் அடங்காது. சங்கிலியால் கட்டுவதற்கு இந்தச் சட்டத்தில் முழுத் தடை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். என் தலைமுறை மருத்துவர்களுக்கு அது மறக்காது. எல்லாத் தனியார் மையமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மாமாவிடம் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்று இருக்கிறதா, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், முதல் வாரத்தில் வீட்டாரோடு பேச விடுவார்களா, உள்ளே போய்ப் படுக்கும் இடத்தைப் பார்க்கலாமா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே போதும்.

மாமா கெட்டவர் அல்லர். பயந்திருக்கிறார். உங்கள் கையில் மனநலத் துறையின் ஓ.பி. சீட்டும், அடுத்து வர வேண்டிய தேதியும் இருந்தால் அந்த வண்டிப் பேச்சு பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

போலீஸ் பயத்துக்கு வருகிறேன். சிகிச்சைக்கு வந்தவர் கஞ்சா புகைத்தார் என்று போலீசுக்குத் தகவல் கொடுப்பது எங்கள் வேலை இல்லை. நீங்கள் சொல்வதை இரகசியமாக வைக்க அதே 2017 சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துகிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. பயன்படுத்திய குற்றத்துக்கோ, சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்கோ ஆளானவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர்மேல் வழக்கு நடத்தப்படுவதிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் விட்டுவிட்டால் விலக்கும் போய்விடலாம். சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கஞ்சாவில் "சிறிய அளவு" என்பது ஒரு கிலோ வரை என்று அறிந்ததும் சிலருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. சிறிய அளவும் குற்றம்தான், ஓராண்டு வரை சிறை உண்டு. பொட்டலம் கையில் இருக்கும்போது பிடிபட்டால் அது வழக்கறிஞரிடம் போக வேண்டிய விஷயம், என்னிடம் அல்ல.

திருமணம். "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தச் சிகிச்சையை எந்த மருத்துவ நூலிலும் நான் பார்த்ததில்லை; அதன் விளைவுகளை மட்டும் என் அறையில், கைக்குழந்தையோடு வந்து அழும் பெண்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் நீங்கள் சொல்ல வேண்டும். தைக்கு முன்பே, நீங்களே, நேரில். மாமா வழியாக வேண்டாம், கைபேசியில் எழுதியும் வேண்டாம். ஆனால் நாளைக்கே அல்ல. சிகிச்சை தொடங்கி ஒரு மாதம் ஆன பிறகு, இதுதான் பழக்கம், இந்த மருத்துவரிடம் போகிறேன், இத்தனை நாளாயிற்று என்று சொல்வதற்குக் கையில் ஏதாவது இருக்கும்போது சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லலாம். தேதியைத் தள்ளிவைக்கலாம் என்றும் சொல்லலாம். தள்ளிவைத்தால் நான் அதைக் கெட்ட செய்தியாக நினைக்க மாட்டேன்.

உங்கள் அம்மாவுக்கும் சில வரிகள். இதை அவரிடம் காட்டுங்கள். அம்மா, யாராவது சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு பொடி தருவார்கள். வாங்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரையைத்தான் அப்படிப் பொடியாக்கி விற்பதுண்டு. கஞ்சாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. குடிக்கிறவருக்குத் தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சட்டையை முகர்ந்து பார்ப்பதையும் ஒரு மாதம் விட்டுவிடுங்கள். கடைகளில் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை கிடைக்கிறது என்று வாங்கி வந்து நீட்டவும் வேண்டாம். கஞ்சாவின் போதைப்பொருள் உடம்புக் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பல வருடம் தினமும் புகைத்தவருக்கு, உண்மையாகவே நிறுத்தி மூன்று நான்கு வாரம் ஆன பிறகும் அந்தப் பட்டை "இருக்கிறது" என்றே காட்டலாம். நிறுத்திய பிள்ளையைப் பொய்யன் என்று சொல்லி மறுபடி புகைக்க அனுப்பிய வீடுகள் எனக்குத் தெரியும். பரிசோதனை தேவைப்பட்டால் மருத்துவமனையில் எடுத்து, எப்படிப் படிப்பது என்று தெரிந்தவர் படிக்கட்டும். முதல் இரண்டு வாரம் இரவில் உங்கள் பிள்ளை தூங்காமல் எழுந்து நடந்தால் பாலோ மோரோ கொடுத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, இடையில் ஒரு நாள் புகைத்துவிடுவீர்கள். கட்டாயம் நடக்கும் என்று சொல்லவில்லை. நடப்பது சாதாரணம் என்கிறேன். யாருடைய கல்யாணத்திலோ, தீபாவளி போனஸ் வந்த இரவிலோ. புகைத்ததைவிட மோசமானது, முகத்தை எப்படிக் காட்டுவது என்று அடுத்த சந்திப்புக்கு வராமல் இருப்பது. புகைத்த வாரத்தில்தான் நீங்கள் தவறாமல் வர வேண்டும். எந்த நாள், யாரோடு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன நடந்தது என்று அப்போதுதான் சூடாக நினைவில் இருக்கும். அந்தத் தகவல் இல்லாமல் எங்களால் அடுத்த திட்டம் போட முடியாது. சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று கதை சொல்லும் நோயாளியைவிட, "சனிக்கிழமை அடித்துவிட்டேன்" என்று வந்து உட்காருகிறவரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் உங்களுக்கு நீண்ட நாள், அதை அடுத்து வரும் திங்கள் இரவைத் தாண்டி செவ்வாய் காலை எழுந்து கிளம்புவது சந்தேகம். திங்கட்கிழமையே போங்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் வரிசையில் நின்றுவிட்டால் நல்லது. சீட்டு கொடுக்கிறவர் என்ன உடம்புக்கு என்று கேட்பார். "மனநலம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், வரிசையில் பின்னால் நிற்பவருக்கு அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை. திங்கட்கிழமை கூட்டம் அதிகமாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.